அமெரிக்கக் கல்லூரி இடம், நிதியுதவி, ராணுவ உதவித்தொகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பிள்ளைகளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோர், பிள்ளை பதினொன்றாம் வகுப்பை எட்டியதும் என்னிடம் கேட்கும் ஐயங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றில் ராணுவ உதவித்தொகை பற்றியவையே மிகுதி. பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் வழி சொல்ல நமக்கு ஆயிரம் பேர் உண்டு. ராணுவத்தைப் பற்றி விசாரிக்க ஒரு மாமாவோ சித்தப்பாவோ கிடைப்பதில்லை. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். தொகைகளும் விதிகளும் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டில் அந்தந்தத் துறையின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்.ஓ.டி.சி. என்கிறார்களே, அதில் சேர்ந்தால் படிப்பை விட்டுவிட்டு ராணுவத்துக்குப் போக வேண்டுமா?

இல்லை. சாதாரணக் கல்லூரியில் மற்ற மாணவர்களைப் போலவே பட்டப்படிப்பு படித்துக்கொண்டு, வாரத்தில் சில மணி நேரம் அதிகாலை உடற்பயிற்சி, ஒரு வகுப்பு, ஒரு களப்பயிற்சி என்று ராணுவ அதிகாரிக்கான பயிற்சியையும் பெறுவதுதான் ஆர்.ஓ.டி.சி. கோடை விடுமுறைகளில் முகாம் இருக்கும். தரைப்படை மாணவர்கள் மூன்றாம் ஆண்டு முடிந்ததும் கென்டக்கியில் உள்ள ஃபோர்ட் நாக்ஸ் முகாமுக்குச் செல்வார்கள். பட்டம் பெறும்போது அதிகாரியாகப் பதவியேற்று, அதன் பிறகே பணிக்காலம் தொடங்கும். இதில் தேர்ந்தெடுக்கப்படுவோரின் கல்லூரிச் செலவுக்குப் படை தரும் பணமே ராணுவ உதவித்தொகை.

தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றும் தனித்தனியாக இதை நடத்துகின்றன. மரைன் படைக்குப் போக விரும்புவோர் கடற்படைத் திட்டத்தின் வழியாகவும், விண்வெளிப் படைக்குப் போக விரும்புவோர் விமானப்படைத் திட்டத்தின் வழியாகவும் செல்ல வேண்டும்.

வெஸ்ட் பாயின்ட் என்பதும் இதுதானா?

அது வேறு. நியூயார்க்கில் உள்ள வெஸ்ட் பாயின்ட், மேரிலாந்தில் உள்ள அன்னாபொலிஸ் கடற்படை அகாடமி, கொலராடோவில் உள்ள விமானப்படை அகாடமி ஆகியவை முழுநேர ராணுவக் கல்லூரிகள். கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு எதற்கும் பணம் கிடையாது. மாதந்தோறும் சிறு சம்பளமும் உண்டு. பட்டம் பெற்ற பின் குறைந்தது 5 ஆண்டு முழுநேரப் பணி செய்ய வேண்டும்.

இங்கே நம்மவர்கள் பலர் அறியாத ஒரு படி இருக்கிறது. இந்த மூன்றுக்கும் மதிப்பெண் மட்டும் போதாது, நாமினேஷன் எனப்படும் பரிந்துரையும் வேண்டும். பெரும்பாலோர் அதைத் தங்கள் தொகுதியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினரிடமோ மாநிலத்தின் இரண்டு செனட்டர்களிடமோ பெறுகிறார்கள். அந்த உறுப்பினரை நேரில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவரது அலுவலகத்துக்கு ஒரு படிவம், கட்டுரை, பரிந்துரைக் கடிதங்கள் அனுப்பினால், பெரும்பாலும் ஒரு குழு நேர்காணல் நடத்தித் தேர்ந்தெடுக்கிறது. ‘நமக்கு எந்தச் செனட்டரைத் தெரியும்’ என்று முயற்சியையே கைவிட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்; சிபாரிசுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கனெக்டிகட்டில் உள்ள கடலோரக் காவல்படை அகாடமிக்கு இந்தப் பரிந்துரைகூடத் தேவையில்லை.

நாங்கள் எச்-1பி விசாவில் இருக்கிறோம். பிள்ளைகளுக்கு இதெல்லாம் கிடைக்குமா?

உங்கள் விசா அல்ல, பிள்ளையின் குடியுரிமையே முக்கியம். இங்கே பிறந்த பிள்ளை அமெரிக்கக் குடிமகன். பெற்றோர் எந்த விசாவில் இருந்தாலும் அவர் அரசு நிதியுதவிக்கும் ராணுவ உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். எச்-1பி வைத்திருப்பவரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் உள்ள பிள்ளைக்கு இரண்டுமே இல்லை. ஒரே வீட்டில் அக்காவுக்கு இல்லாதது தம்பிக்கு இருக்கும் நிலை இதனால்தான் வருகிறது.

கிரீன் கார்டு உள்ள பிள்ளைக்கு அரசு நிதியுதவி உண்டு, ஆர்.ஓ.டி.சி. உதவித்தொகை கிடையாது. ஆனால், பிள்ளைக்கு 18 வயது நிறையும் முன் பெற்றோரில் ஒருவர் குடியுரிமை பெற்று, கிரீன் கார்டு உள்ள அந்தப் பிள்ளை அவருடைய பொறுப்பில் இங்கே வசித்துவந்தால், பிள்ளையும் சட்டப்படி தானாகவே குடிமகனாகிவிடுகிறார். குடியுரிமைக்கான நேச்சுரலைசேஷன் விண்ணப்பத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பவர்கள் பிள்ளையின் வயதையும் சேர்த்துக் கணக்கிடுவது நல்லது.

மகளின் ஜி.பி.ஏ. 4.0, எஸ்.ஏ.டி. 1520. எங்கே இடம் கிடைக்கும்?

பள்ளிப் பாடங்களின் சராசரி, கல்லூரிச் சேர்க்கைத் தேர்வின் மதிப்பெண் என்ற இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் பதில் சொல்ல முடியாது. சொல்பவர்களை நம்பவும் வேண்டாம். ஹார்வர்டு, எம்.ஐ.டி. போன்ற இடங்களில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஐந்து பேருக்கும் குறைவாகவே இடம் கிடைக்கிறது. மறுக்கப்படுவோரில் ஏராளமானோர் உங்கள் மகளின் மதிப்பெண்ணையே வைத்திருப்பவர்கள். அங்கே நல்ல மதிப்பெண் என்பது விண்ணப்பத்தைப் படிக்க வைக்கும், அவ்வளவே.

ஊகத்தை விட்டுவிட்டு, பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் ‘காமன் டேட்டா செட்’ ஆவணத்தைத் திறந்து பாருங்கள். அதில் ‘சி’ பகுதி சேர்க்கையைப் பற்றியது: எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, சேர்ந்தவர்களின் மதிப்பெண் எந்த வரம்பில் இருந்தது, கட்டுரையையும் நேர்காணலையும் அந்தக் கல்லூரி எந்த அளவுக்குக் கருதுகிறது என்பதெல்லாம் அட்டவணையாகவே இருக்கும். ‘எச்’ பகுதி நிதியுதவியைச் சொல்லும். மகளின் மதிப்பெண் அந்த வரம்பின் மேல்பாதியில் இருந்து, பாதிப் பேருக்கு மேல் இடம் தரும் கல்லூரியாகவும் இருந்தால்தான் அதை உறுதியான இடம் என்று பட்டியலில் எழுத வேண்டும். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகங்கள் சேர்க்கையில் எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். டெக்சஸில் பள்ளித் தரவரிசையால் ஆஸ்டின் பல்கலைக்கழகத்தில் தானாகவே இடம் கிடைத்தாலும், கணினி அறிவியல்தான் கிடைக்கும் என்ற உறுதி அதில் இல்லை.

இருவரும் ஐ.டி.யில் இருக்கிறோம். எங்களுக்கு ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தும் ஃபாஃப்சா எதற்கு?

ஃபாஃப்சா என்பது மத்திய அரசின் நிதியுதவிக்கான விண்ணப்பப் படிவம். திருப்பித் தர வேண்டாத உதவியான மத்திய அரசின் பெல் கிராண்ட் உங்களுக்குக் கிடைக்காது என்பது பெரும்பாலும் சரி. ஆனால் மாணவர் பெயரில் எடுக்கும் மத்திய அரசுக் கடனுக்கு ஃபாஃப்சா கட்டாயம். முதலாண்டில் 5,500 டாலர் வரை அந்தக் கடன் கிடைக்கும். சில கல்லூரிகளும் மாநிலங்களும் தகுதி அடிப்படையிலான உதவித்தொகைக்குக்கூட அதைக் கேட்கின்றன.

மேலும், ‘எங்களுக்குக் கிடைக்காது’ என்ற முடிவு எல்லா இடத்துக்கும் பொருந்துவதில்லை. 2025-26 கல்வியாண்டு முதல் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலருக்குள் இருந்து, சொத்தும் வழக்கமான அளவில் இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணத்தை நீக்கியுள்ளன. ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்தில், உதவி போக உங்கள் குடும்பம் கட்ட வேண்டியதை மதிப்பிடும் ‘நெட் பிரைஸ் கால்குலேட்டர்’ வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வருமான வரிப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பட்டியலில் உள்ள எல்லாக் கல்லூரிகளுக்கும் அதைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். இந்த எண்கள் கையில் இல்லாமல், பின்னால் வரும் ராணுவ உதவித்தொகைக் கேள்விகளுக்கு விடை காண முடியாது.

ஊரில் ஒரு மனையும், சென்னையில் வாடகைக்கு விட்ட ஃபிளாட்டும் இருக்கின்றன. அவற்றைக் காட்ட வேண்டுமா?

காட்ட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் வீட்டையும் ஓய்வூதியக் கணக்குகளையும் ஃபாஃப்சா சொத்தாகக் கேட்பதில்லை. மற்ற நிலமும் வீடும் எந்த நாட்டில் இருந்தாலும் முதலீடுதான். ‘அவர்களுக்கு எப்படித் தெரியும்’ என்று சிலர் கேட்கிறார்கள். மத்திய அரசுப் படிவத்தில் தெரிந்தே பொய் எழுதுவது குற்றம் என்பதோடு, ஃபிளாட்டின் வாடகை உங்கள் அமெரிக்க வரிப் படிவத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டிய ஒன்று.

பயப்படும் அளவுக்கு அது கணக்கைப் புரட்டிவிடுவதும் இல்லை. பெற்றோர் சொத்தில் ஆண்டுக்கு அதிகபட்சம் 5.64 சதவீதம்தான் உங்களால் தரக்கூடிய தொகையாகக் கருதப்படுகிறது. அதாவது ஒரு லட்சம் டாலர் மனை, கூடிப்போனால் 5,640 டாலரைக் கூட்டும். பிள்ளையின் பெயரில் உள்ள சேமிப்புக்குத்தான் இது 20 சதவீதம். பல தனியார் கல்லூரிகள் கூடுதலாகக் கேட்கும் சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் படிவம் இதைவிட நுணுக்கமானது. குடியிருக்கும் வீட்டின் மதிப்பையும் அது கேட்கும்.

ஆர்.ஓ.டி.சி. உதவித்தொகை எல்லாச் செலவையும் ஏற்குமா?

பொதுவாக இல்லை. தரைப்படை உதவித்தொகை கல்விக் கட்டணத்தை முழுமையாகவோ, அதற்குப் பதிலாக விடுதி மற்றும் உணவுச் செலவையோ ஏற்கும். இரண்டையும் சேர்த்து அல்ல. அதோடு புத்தகங்களுக்கு ஆண்டுக்கு 1,200 டாலரும், கல்லூரி நடக்கும் மாதங்களில் மாதம் 420 டாலரும் தருகிறது. கடற்படையும் கல்விக் கட்டணத்தை ஏற்கிறது, விடுதிச் செலவை அல்ல. விமானப்படையில் வகைகள் உண்டு. முழுக் கட்டணம் தரும் ‘டைப் 1’ மிகச் சிலருக்கே கிடைக்கிறது, ‘டைப் 2’ ஆண்டுக்கு 18,000 டாலரோடு நின்றுவிடும்.

கடிதம் வந்ததும் இன்னொன்றைக் கவனியுங்கள். நான்காண்டு உதவித்தொகையா, மூன்றாண்டா? மூன்றாண்டு என்றால் முதலாண்டுச் செலவு முழுவதும் உங்களுடையது. விலை உயர்ந்த தனியார் கல்லூரியில் அந்த ஓராண்டே பெருந்தொகையாகிவிடும். சில கல்லூரிகள் தங்களிடம் வரும் ஆர்.ஓ.டி.சி. மாணவர்களுக்கு விடுதிச் செலவைத் தாங்களே ஏற்றுக்கொள்கின்றன. இதைக் கேட்டால்தான் சொல்வார்கள்.

உதவித்தொகை கிடைத்துவிட்டால் கல்லூரியில் இடமும் உறுதிதானே?

உறுதி இல்லை. இவை இரண்டும் தனித்தனி விண்ணப்பங்கள், தனித்தனித் தேர்வுக் குழுக்கள். படை உங்கள் மகனைத் தேர்ந்தெடுத்து, அவன் குறிப்பிட்ட கல்லூரிகள் எல்லாம் இடம் மறுத்துவிட்டால் அந்த உதவித்தொகையை அங்கே பயன்படுத்த வழியில்லை. ஆகவே விருப்பப் பட்டியலில் பெயர்பெற்ற கல்லூரிகளை மட்டும் அடுக்காமல், முன்பு சொன்ன உறுதியான இடங்களில் ஒன்றையாவது, குறிப்பாக உங்கள் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேருங்கள்.

கல்லூரி வளாகத்திலேயே ஆர்.ஓ.டி.சி. படைப்பிரிவு இல்லாவிட்டாலும் பக்கத்துக் கல்லூரியில் பயிற்சி பெறும் ஏற்பாடு பல ஊர்களில் உண்டு. ஹார்வர்டு மாணவர்கள் எம்.ஐ.டி.க்குச் சென்று பயிற்சி பெறுகிறார்கள். விடியற்காலைப் பயிற்சிக்கு இன்னொரு வளாகத்துக்குப் போய்வரும் சிரமத்தை முதலிலேயே யோசித்துக்கொள்ள வேண்டும்.

எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

பதினொன்றாம் வகுப்பு முடியும் வசந்தத்திலும் கோடையிலும் விண்ணப்பங்கள் திறக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பின் குளிர்காலத்தில் முடிந்துவிடுகின்றன. தேர்வுக் குழுக்கள் பல சுற்றுகளாகக் கூடுவதால் முதல் சுற்றுக்குள் அனுப்புவதே நல்லது. உடல்தகுதித் தேர்வும் நேர்காணலும் விண்ணப்பத்தின் பகுதிகள் என்பதால், ஓட்டத்தையும் தண்டாலையும் பயிற்சி செய்ய அந்தக் கோடையே சரியான காலம். அகாடமிகளின் பரிந்துரைக்கு உறுப்பினர் அலுவலகங்கள் பெரும்பாலும் இலையுதிர் காலத்திலேயே கதவை மூடிவிடுகின்றன.

பையனுக்குச் சிறுவயதில் வீசிங் இருந்தது. அது தடையாகுமா?

டாட்மெர்ப் என்ற மருத்துவ ஆய்வு வாரியம் விண்ணப்பதாரரின் மருத்துவ வரலாற்றைப் பார்க்கிறது. 13-ஆவது பிறந்தநாளுக்கு முன் ஆஸ்துமா இருந்து நின்றுவிட்டால் அது தடையல்ல. அதற்குப் பின்னும் இருந்திருந்தால் தகுதியின்மை. சிக்கல் வருவது இடைப்பட்ட நிலையில்தான். பதினான்கு வயதில் ஒரு சளிக்காலத்தில், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று குழந்தை மருத்துவர் ஒரு இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருப்பார். நீங்கள் மறந்திருப்பீர்கள், பதிவேட்டில் ‘ஆஸ்துமா’ என்ற சொல்லோடு அது அப்படியே இருக்கும். விண்ணப்பிக்கும் முன்பே மருத்துவப் பதிவுகளின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள். கடுமையான உணவு ஒவ்வாமை, கவனக்குறைவுக் கோளாறுக்கான மருந்து, மனச்சோர்வுக்கான சிகிச்சை ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

தகுதியில்லை என்று கடிதம் வந்தால் அதுவே முடிவல்ல. வேவர் எனப்படும் விலக்கை அந்தந்தப் படை தரலாம்; நுரையீரல் பரிசோதனை போன்றவற்றைக் கேட்டு முடிவெடுக்கும். மறைப்பது மட்டும் கூடாது. பின்னாளில் தெரியவந்தால் போவது உதவித்தொகை மட்டுமல்ல.

சேர்ந்த பிறகு பிடிக்கவில்லை என்றால்?

நான்காண்டு ஆர்.ஓ.டி.சி. உதவித்தொகையில் முதலாண்டு ஒருவகைச் சோதனைக் காலம். இரண்டாம் ஆண்டு தொடங்கும் முன் விலகினால் பணத்தைத் திருப்பத் தேவையில்லை, பணிக்கடமையும் இல்லை. அதற்குப் பிறகு விலகினால், பெற்ற தொகையைத் திருப்பிக் கட்டவோ சாதாரணப் படைவீரராகப் பணியாற்றவோ உத்தரவிட முடியும். எது என்பதைத் தீர்மானிப்பது படை, மாணவர் அல்ல. அகாடமிகளில் மூன்றாம் ஆண்டு வகுப்புகள் தொடங்கும் வரை இந்தச் சுதந்திரம் உண்டு.

‘நான்கு வருடம்’ என்கிறார்கள், ‘எட்டு வருடம்’ என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. மொத்தக் கடமை 8 ஆண்டு. தரைப்படையிலும் விமானப்படையிலும் பொதுவாக அதில் 4 ஆண்டு முழுநேரப் பணி. கடற்படையில் 5 ஆண்டு. மீதி, தேவைப்பட்டால் அழைக்கப்படும் ரிசர்வ் பட்டியலில். தரைப்படையில் 8 ஆண்டையும் ரிசர்விலோ நேஷனல் கார்டிலோ பகுதிநேரமாகக் கழிக்கும் வழியும் இருக்கிறது. விமானியாக விரும்பும் பிள்ளைக்குக் கணக்கே வேறு: விமானப்படையில் பயிற்சி முடிந்த நாளிலிருந்து 10 ஆண்டு.

மகள் டாக்டராக வேண்டும் என்கிறாள். இந்த வழி ஒத்துவருமா?

ஒத்துவரலாம், ஆனால் நான் இதை முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். ஆர்.ஓ.டி.சி. முடித்தவர் மருத்துவக் கல்லூரிக்குச் செல்லப் படை அனுமதி தர வேண்டும்; அது விண்ணப்பித்துப் பெறுவது, உரிமை அல்ல. விடியற்காலைப் பயிற்சிகளோடு மருத்துவப் படிப்புக்குத் தேவையான ஜி.பி.ஏ.யைக் காப்பாற்றுவதும் எளிதல்ல.

ராணுவத்தில் ஈடுபாடு உள்ள பிள்ளை, பட்டப்படிப்பை மாநிலப் பல்கலைக்கழகத்தில் குறைந்த செலவில் முடித்து, மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த பிறகு மருத்துவ மாணவர்களுக்குப் படைகள் தரும் எச்.பி.எஸ்.பி. உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது தெளிவான பாதை. பெரிய கடன் சேர்வது மருத்துவக் கல்லூரியில்தான். அந்தக் கட்டணத்தை இத்திட்டம் ஏற்று, மாத உதவியும் தருகிறது. பொதுவாக உதவி பெற்ற ஓராண்டுக்கு ஓராண்டு பணி. மேரிலாந்தின் பெதெஸ்டாவில் படைகளுக்கென்றே உள்ள மருத்துவப் பல்கலைக்கழகத்தில் கட்டணமே இல்லை, படிக்கும்போதே அதிகாரிக்குரிய சம்பளம். கடமை 7 ஆண்டு.

கல்லூரி தரும் நிதியுதவியோடு ஆர்.ஓ.டி.சி.யும் கிடைத்தால் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம் அல்லவா?

பெரும்பாலோர் தவறாகக் கணக்கிடுவது இங்கேதான். ஒரு தனியார் கல்லூரியின் மொத்தச் செலவு ஆண்டுக்கு 90,000 டாலர், அதில் கல்விக் கட்டணம் 68,000 என்று வைத்துக்கொள்வோம். முதல் குடும்பத்துக்கு, தேவையின் அடிப்படையில் கல்லூரி 50,000 கிராண்ட் தருகிறது. அவர்கள் கட்ட வேண்டியது 40,000. இப்போது ஆர்.ஓ.டி.சி. 68,000 கொடுத்தால், தேவை தீர்ந்துவிட்டது என்று கல்லூரி தன் கிராண்ட்டை எடுத்துக்கொள்ளும். குடும்பம் கட்டுவது 22,000. உண்மையான லாபம் ஆண்டுக்கு 18,000 மட்டுமே. அதற்காக நான்காண்டுப் பணிக்கடமை.

இரண்டாவது குடும்பத்துக்கு வருமானம் கூடுதல், கிராண்ட் இல்லை. அவர்களுடைய செலவு 90,000-இலிருந்து 22,000-ஆகக் குறைகிறது, லாபம் 68,000. அதே பிள்ளை, கல்விக் கட்டணம் 13,000-ஆக உள்ள மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தால் லாபம் அந்த 13,000தான். ஒரே உதவித்தொகைதான், ஆனால் அதன் மதிப்பு குடும்பத்துக்குக் குடும்பம், கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிறது. ஆகவே நெட் பிரைஸ் கால்குலேட்டர் தந்த எண்களுக்குப் பக்கத்தில் இந்தக் கழித்தல் கணக்கையும் எழுதிப் பாருங்கள். தகுதி அடிப்படையிலான உதவித்தொகையைக் கல்லூரி குறைக்குமா என்பதை நிதியுதவி அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

அப்படியானால் எர்லி டிசிஷன் போடலாமா?

ஆர்.ஓ.டி.சி. வந்தால்தான் அந்தக் கல்லூரி கட்டுப்படியாகும் என்ற நிலையில் போட வேண்டாம். எர்லி டிசிஷன் என்பது இடம் கிடைத்தால் சேர்ந்தே தீருவேன் என்ற ஒப்பந்தம். முடிவு பெரும்பாலும் டிசம்பர் நடுவில் வரும், படையின் முடிவோ அதற்குப் பின்னும் வரலாம். கல்லூரி தரும் நிதியுதவி போதவில்லை என்று விலக இடமுண்டு என்றாலும், எதிர்பார்த்த ராணுவ உதவித்தொகை வரவில்லை என்பதை அவர்கள் தங்கள் குறையாக ஏற்கமாட்டார்கள். கட்டுப்பாடில்லாத எர்லி ஆக்‌ஷன் இருக்கும் கல்லூரிகளில் அதைப் பயன்படுத்துங்கள்.

அவனுக்கு ராணுவத்தில் பெரிய ஆர்வமில்லை. பணத்துக்காக மட்டும் சேரலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. இதைப் பெற்றோரின் செலவைக் குறைக்கும் திட்டமாக வீட்டில் பேசத் தொடங்கினால், பதினேழு வயதுப் பிள்ளை மறுக்கத் தயங்கும். பணிக்காலத்தைக் கழிக்கப்போவதும், எங்கே அனுப்பினாலும் போக வேண்டியதும் பிள்ளைதான். நேர்காணல் செய்யும் அதிகாரிகளும் இந்த ஆர்வமின்மையை எளிதில் கண்டுகொள்வார்கள். சந்தேகத்தில் இருக்கும் பிள்ளை, உதவித்தொகையும் ஒப்பந்தமும் இல்லாமல் முதலாண்டு ஆர்.ஓ.டி.சி. வகுப்பில் மட்டும் சேர்ந்து பார்க்கலாம்.

529 கணக்கில் சேர்த்த பணம் வீணாகிவிடுமா?

ஆகாது. வரியில்லா உதவித்தொகை பெற்ற அளவுக்கு அந்தக் கல்விச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்தால் 10 சதவீத அபராதம் இல்லை. வளர்ச்சிப் பகுதிக்கு வருமான வரி மட்டும் உண்டு. அகாடமியில் சேர்ந்தாலும் இதே போன்ற விலக்கு இருக்கிறது. விடுதிச் செலவுக்கு வரியே இல்லாமல் எடுக்கலாம் என்பதால், பெரும்பாலான ஆர்.ஓ.டி.சி. குடும்பங்களுக்கு அந்தப் பணம் அங்கேயே பயன்பட்டுவிடுகிறது.

இந்தியாவில் தாத்தா பாட்டி இருக்கிறார்கள், பிள்ளையிடம் ஓ.சி.ஐ. அட்டையும் இருக்கிறது. பிரச்சினை வருமா?

அதிகாரியாகும் அனைவரையும் பாதுகாப்புக் காரணத்துக்காக விசாரிப்பார்கள். வெளிநாட்டு உறவினர், சொத்து, பயணம் எல்லாவற்றையும் எஸ்.எஃப்.-86 என்ற நீண்ட படிவத்தில் எழுத வேண்டும். இந்தியாவில் உறவினர் இருப்பது தானாகவே தடையாவதில்லை. எழுதாமல் விடுவதுதான் தடையாகும்.

இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் இந்தியா போய்வர உதவும் ஓ.சி.ஐ. அட்டையின் விஷயம் வேறு. வெளிநாட்டு ராணுவத்தில் பணியில் இருப்பவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் ஓ.சி.ஐ. வழங்கப்படாது என்பது இந்திய அரசின் விதி. ஏற்கெனவே அட்டை வைத்திருக்கும் பிள்ளை, பதவியேற்கும் முன் இந்தியத் தூதரகத்திடம் எழுத்துமூலம் தெளிவு பெற வேண்டும். பிற்காலத்தில் பாட்டியைப் பார்க்கப் போகக்கூட விசா எடுக்க நேரலாம் என்பதை அவனுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எல்லாச் சுற்றுகளிலும் மறுத்துவிட்டார்கள். இனி வழியில்லையா?

இருக்கிறது. உதவித்தொகை இல்லாமலே ஆர்.ஓ.டி.சி.யில் சேர்ந்து, முதலாண்டில் நல்ல மதிப்பெண்ணும் உடல்தகுதியும் காட்டினால், படைப்பிரிவின் வழியாக மீதி ஆண்டுகளுக்கான உதவித்தொகைக்குப் போட்டியிடலாம். ஆனால் அது கிடைக்கும் என்று நம்பி 90,000 டாலர் கல்லூரியில் சேராதீர்கள்; கிடைக்காமல் போனாலும் நான்காண்டும் உங்களால் கட்ட முடிந்த கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள். அகாடமி மறுத்தவர்கள் ஓராண்டு கல்லூரியில் படித்துக்கொண்டே மறுபடி விண்ணப்பிக்கலாம். அதற்குப் பரிந்துரையையும் புதிதாகக் கேட்க வேண்டும். பழைய கோப்பு தானாகச் செல்லாது.